ஓவர்லாக் பெடலில் ஒரு விமானி

3 ஜூலை 2025, வியாழன்.
இன்றைய தவறு: நெற்றியில் ஒட்டியிருந்த அம்பு ஸ்டிக்கரை எடுக்க மறந்து டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பக்கத்து சீட்டு அக்கா எடுத்துக் கையில் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. வெட்கத்தில் அவருக்கு நன்றி சொல்லவில்லை. ஆக இரண்டு தவறுகள்.

எழுதி முடித்த சித்ராதேவி, மூடிய பேனாவை மறுபடி திறந்துகொண்டு கடைசி வரியை ஒரு தடவை படித்துப் பார்த்தாள். மறந்தது ஒன்று, நன்றி சொல்லாதது ஒன்று. வெட்கப்பட்டதைத் தனியாகச் சேர்க்க வேண்டுமா என்று சந்தேகம் வந்தது. சந்தேகப்படுவதே அதிகாரிக்கு ஆகாத குணம் என்று அகாடமியில் சொல்லியிருந்தார்கள். அதையும் சேர்த்தால் எண்ணிக்கை எங்கே போய் நிற்குமோ என்று நோட்டை மூடிவிட்டாள்.

தினமும் நாட்குறிப்பு எழுதவேண்டும் என்பது அகாடமியின் உத்தரவு. அதிகாரியாகப் போகிறவர் தன் குறையைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் அகாடமி கண்டுபிடித்து ஒட்டும்.

அகாடமியின் பெயர் நீலச்சிறகு வான்படை அதிகாரிகள் பயிற்சியகம். அவிநாசி ரோட்டில், ஓடாமல் நின்றுபோன ஒரு பனியன் கம்பெனியின் மாடியில் இருந்தது. கம்பெனியும் அகாடமியும் திருமூர்த்தியுடையவைதான். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவன் ஆர்டரைப் பாதியில் கைவிட்டதில் கம்பெனி படுத்துவிட்டது. மேஜைகளும் டியூப்லைட்டுகளும் தையல் மெஷின்களும் அப்படியே கிடந்தன. வேறொருவராக இருந்தால் மாடியைக் குடோனுக்கு வாடகைக்கு விட்டிருப்பார். திருமூர்த்தி செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். நாட்டில் விமானிகளுக்குப் பஞ்சம் என்று அதில் சொன்னார்கள். திருப்பூரில் இல்லாதது கடலும் விமானப்படையும்தான். கடலை ஒன்றும் செய்ய முடியாது என்று முடிவுசெய்து அகாடமியைத் திறந்துவிட்டார்.

சேர வந்த அன்று சித்ராதேவியிடம் அவர் நீண்ட நேரம் பேசினார்.

"பாரு கண்ணு, பனியனும் அதிகாரியும் ஒண்ணுதான். துணி வருது, வெட்டறோம், தெக்கிறோம், பிசிறெடுத்து அயர்ன் பண்ணி அனுப்பறோம். பையர் பாஸ் பண்ணுனா பாஸு. எதுக்கு ரிஜெக்ட் பண்ணுனான்னு பையரும் சொல்லமாட்டான், தேர்வு வாரியமும் சொல்லாது. இத்தன ஒத்துமை வேற எந்தத் தொழில்ல இருக்குது, நீயே சொல்லு?"

சித்ராதேவி சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அவளுடையது. அம்மா ஒச்சாயி ஓர் ஏற்றுமதி கம்பெனியில் அயர்னிங் பிரிவில் இருந்தாள். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள் மகள். வெளிச்ச மேஜையில் பனியனை விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எங்கே இருக்கிறதோ அங்கே சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டவேண்டும். அம்பு ஒட்டிய பனியன் ஒரு பக்கம், ஒட்டாதது ஒரு பக்கம். அதுதான் வேலை.

மதியம் டிபன் பெட்டியோடு கம்பெனி மொட்டை மாடிக்குப் போனால் சூலூர்ப் பக்கமிருந்து சில நாள் விமானப்படை விமானம் வரும். பல்லடத்திலிருந்து கம்பெனி வேன் அவளை முக்கி முனகிக் கொண்டுவந்து சேர்க்கிற தூரத்தை, அவள் டிபன் மூடியைத் திறந்து முடிப்பதற்குள் அது கடந்துவிடும். அந்த வேன் வரும் பாதையை ஒரு தடவை மேலிருந்து பார்க்கவேண்டும். ஆசை என்று கேட்டால் அவ்வளவுதான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அகாடமிச் சுவரில் விமானியாகும் வழிகள் அனைத்தையும் வண்ணத்தில் வரைந்திருந்தார்கள். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங் என்று பனியன் தயாராகும் படிகளைக் காட்டக் கம்பெனியில் முன்பு மாட்டியிருந்த பலகைதான். கட்டங்களை மட்டும் வெள்ளையடித்து மாற்றியிருந்தார்கள். பிளஸ் டூ முடித்ததும் போகும் வழி ஒன்று. அந்த வயது அவளுக்குத் தாண்டிவிட்டது. பட்டதாரி ஆண்களுக்கென்று ஒரு வழி. என்.சி.சி. சான்றிதழோடு போவது இன்னொன்று. அவள் கல்லூரியில் என்.சி.சி.யே கிடையாது. மிச்சமிருந்தது பட்டதாரிகளுக்கான வான்படைப் பொதுத்தேர்வு. அதற்கும் வயது வரம்பு இருபத்துநான்கு. இந்தத் தேர்வை விட்டால் அடுத்ததற்குள் அவள் அதைக் கடந்துவிடுவாள். ஆக ஒரே வழி, அதில் ஒரே தடவை.

பயிற்சி கொடுத்தவர் பாண்டித்துரை. விமானப்படையில் ஸ்டோரில் இருந்து ஓய்வுபெற்றவர். கம்பளி, பக்கெட், கொசுவலை எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். பணிக்காலம் முழுக்க விமானத்தை ஸ்டோர் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தார். இருந்தாலும் பேசும்போது "நாம மேல போனதும்" என்றுதான் ஆரம்பிப்பார். மாலை வகுப்பு முடிந்ததும் எல்லோரையும் வெளிச்ச மேஜைக்கு முன் வரிசையில் நிறுத்தி, திருமூர்த்தியும் அவருமாகச் செக்கிங் செய்வார்கள். முடிவெடுக்கத் தயங்கினால் நெற்றியில் அம்பு. பேச்சு திக்கினால் தாடையில். பொறுப்பு போதாதென்றால் தோளில். சித்ராதேவிக்குப் பெரும்பாலும் நெற்றிதான்.

எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் போகும் தேர்வு வாரியத்தில் மங்கலான ஒரு படத்தைக் காட்டி, அதைப் பார்த்துக் கதை எழுதச் சொல்வார்கள். அதற்கு அகாடமி ஒரு பேட்டர்ன் வெட்டி வைத்திருந்தது. பரணி என்ற இளைஞன் ஒரு பிரச்சினையைப் பார்க்கிறான், நண்பர்களைத் திரட்டுகிறான், தீர்க்கிறான், கலெக்டர் பாராட்டுகிறார். ஸ்மால் சைஸில் பரணி கிணறு தூர் வாருவான். மீடியத்தில் வெள்ளத்தில் ஆட்களைத் தூக்குவான். லார்ஜில் ரயில் விபத்து. எக்ஸ்ட்ரா லார்ஜ் என்றால் எல்லைக்கே போய்விடுவான். படம் எதுவானாலும் பரவாயில்லை, சைஸ் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. அவள் சும்மா உட்கார்ந்திருப்பது மாதிரித்தானே இருக்கிறது என்று சித்ராதேவி கேட்டுவிட்டாள்.

"சும்மா உக்காந்திருக்கவளுக்கு எதுக்குத்தா ஏரோப்ளேன்?" என்றார் பாண்டித்துரை. அன்றைக்கு நெற்றியில் இரண்டு அம்புகள்.

அடுத்தது கால் நீளம். விமானிக்குக் கால் இவ்வளவு நீளம் இருக்கவேண்டும் என்று விதி உண்டு. டெய்லர் டேப்பை வைத்து அளந்ததில் கூடப் படித்த தரணீதரனுக்குச் சற்றுக் குறைந்தது. அவிநாசியில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் வீட்டுப் பையன். திருமூர்த்தி யோசித்தார். துணியை இழுத்தால் நீளும், கால் என்ன துணியைவிட உசத்தியா என்று கேட்டு, துணிக் கட்டுகளைத் தொங்கவிடும் இரும்புக் குழாயில் அவனைத் தினமும் தொங்கச் சொன்னார். மூன்றாம் நாள் குழாய் கழன்று வந்துவிட்டது. கால் அப்படியேதான் இருந்தது, முழங்கைதான் வீங்கியது. தரணீதரன் அகாடமியை விட்டு அப்பாவின் யூனிட்டுக்கே போய்விட்டான். அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டில் பார்க்கும்போதெல்லாம், "ஏனுங்க பைலட்டம்மா, டவுன் பஸ்ஸுல போறீங்க? பிளேன் சர்வீசுக்கு விட்டிருக்குதுங்களா?" என்று கேட்பான். அவன் தப்பித்தவன் என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் பெரியது மெஷின் டெஸ்ட். விமானம் ஓட்டக் கையும் காலும் கண்ணும் ஒத்துழைக்குமா என்று வாரியம் ஒரு மெஷினில் உட்கார வைத்துப் பார்க்கும். அதை ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் செய்ய முடியும். தவறினால் பிறகு எந்த வழியாகப் போனாலும் விமானி ஆக முடியாது. இதைப் பாண்டித்துரை சொன்னபோது எல்லோரும் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். திருமூர்த்தி மட்டும் உற்சாகமானார். ஒரு கைப்பிடி, இரண்டு பெடல், முன்னால் ஒரு திரை, அதில் ஓடுகிற குறி என்று பாண்டித்துரை யாரோ சொல்லக் கேட்டிருந்தார். திருமூர்த்தி தன் மாடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இரண்டு பெடல் உள்ள மெஷின் அவரிடம் வரிசையாகவே இருந்தது.

துணி ஓரத்தைப் பிசிறில்லாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் வலது பெடலை மிதித்தால் ஓடும். இடது பெடலை மிதித்தால், துணியை அழுத்திப் பிடித்திருக்கும் இரும்புப் பாதம் மேலே தூக்கிக்கொள்ளும். துணி கோணினால் வலது காலை எடுத்துவிட்டு, இடது காலை மிதித்து, துணியை நேராக்கி, மறுபடி வலது காலை மிதிக்கவேண்டும். மெஷின் பலகையில் பழைய கம்பெனி வேனின் கியர் கம்பியை நட்டு அதைக் கைப்பிடி என்றார்கள். திரைக்குப் பதில் ஒரு குச்சி நுனியில் சிவப்பு அட்டையைக் கட்டிக்கொண்டு பாண்டித்துரை எதிரில் நின்று ஆட்டுவார். அட்டை ஓடும் பக்கமெல்லாம் துணியில் தையல் போகவேண்டும்.

கல்லூரி விடுமுறைகளில் ஓவர்லாக்கில் உட்கார்ந்து தைத்தவள் சித்ராதேவி. முதல் நாளே அவள் கால் ஓடியது. அட்டை கோணினால் இடது, நேரானால் வலது. இரண்டு மாதத்தில், பாண்டித்துரை அட்டையை எந்தப் பக்கம் ஆட்டப் போகிறார் என்பது அவள் காலுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்த நாட்களில்தான் அவள் நெற்றியில் அம்பில்லாமல் பஸ் ஏறினாள்.

"வடக்க இருந்து வர்ற பசங்களுக்கு இந்தக் காலு வராது கண்ணு. இது திருப்பூர்க் காலு," என்றார் திருமூர்த்தி.

ஆகஸ்டில் எழுத்துத் தேர்வில் அவள் தேறினாள். ஏழு பேர் எழுதியதில் தேறியது அவள் ஒருத்திதான். வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. திருமூர்த்தி அதற்கு ஷிப்மெண்ட் விழா என்று பெயர் வைத்தார். சாமளாபுரத்தில் தறிகள் வைத்திருக்கும் செங்கோட்டையன் தலைமை தாங்கினார். எதற்குத் தலைமை தாங்குகிறோம் என்று மேடைக்கு வந்த பிறகுதான் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"உலகத்துக்கே பனியன் போட்டுவிட்ட ஊருங்க இது. இனி ஆகாசத்துக்கும் நாமதான் சப்ளை," என்று ஆரம்பித்தார். "பொண்ணு பாஸாகி வந்தா நம்ம ஊருக்குப் பெருமை. அப்படி ஆகாம வந்தாலும் ஆரும் வருத்தப்பட வேண்டியதில்லீங்க. ரிஜெக்ட் பீஸுக்குன்னு நம்மூருல தனியா மார்க்கெட்டே இருக்குது. நானே அதுலதான் மேல வந்தவன்."

எல்லோரும் கைதட்டினார்கள். சித்ராதேவியும் தட்டினாள். கழுத்தில் போட்ட மாலையோடு அட்டைப் பெட்டியில் தொங்கவிடும் டேக் ஒன்றும் தொங்கியது. 'பைனல் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தது' என்று அதில் அச்சடித்திருந்தது. ஒச்சாயி மட்டும் பின்வரிசையிலிருந்து, "டேக்க எடுத்துட்டுப் போத்தா, பாக்கச் சகிக்கல," என்றாள். ரயிலில் ஏறியதும் சித்ராதேவி அதை எடுத்துவிட்டாள்.

வாரியம் இருந்த ஊரில் குளிர் அதிகம். முதல் நாளே மங்கலான படம் வந்தது. ஒரு பெண் எங்கோ நிற்பது மாதிரி இருந்தது. பரணியை எந்த சைஸில் எழுதுவது என்று யோசித்ததில் சித்ராதேவிக்குப் பேட்டர்னே மறந்துவிட்டது. தெரிந்ததை எழுதினாள். ஒரு பெண் கம்பெனி வேனைத் தவறவிடுகிறாள், நடந்தே போகிறாள், நேரம் கழித்துப் போய் அரை நாள் சம்பளம் போகிறது, மேஜையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்குகிறாள். அவ்வளவுதான் கதை. அவளை அடுத்த கட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த பெண் ரயில் விபத்து எழுதியிருந்தாள், அவளையும் எடுத்தார்கள். எதற்கு எடுத்தார்கள் என்று வாரியம் சொல்லவில்லை.

நேர்காணலில் ஏன் விமானியாக வேண்டும் என்று கேட்டபோது, மனப்பாடம் செய்த நாட்டுப்பற்று முதல் வரியோடு நின்றுபோய், வேன் வரும் பாதையை மேலிருந்து பார்க்கவேண்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். கேட்ட அதிகாரி சிரிக்கவில்லை. எந்த ஊர் வேன், எந்தப் பாதை என்று விசாரித்து, மேலும் பேசச் சொன்னார். அன்றைக்கு அவள் நாட்குறிப்பில் தவறு எதுவும் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் போனதே தவறோ என்று மட்டும் எழுதினாள்.

பிறகு மெஷின் டெஸ்ட்.

வலது பெடலை மிதித்தால் குறி வலப்பக்கம் போகும், இடதை மிதித்தால் இடப்பக்கம் போகும் என்று பொறுமையாக விளக்கினார்கள். அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. காலுக்குத்தான் காது கிடையாது. குறி கொஞ்சம் கோணியது. இடது கால் தானாகப் போய் அழுத்தியது, பாதத்தைத் தூக்கித் துணியை நேராக்க. எதுவும் தூக்கவில்லை. குறி இடப்பக்க ஓரத்துக்கே ஓடிவிட்டது. பதறிப்போய், தையலை முடிக்கிற மாதிரி வலது காலை முழுக்க மிதித்தாள். அது வலப்பக்க ஓரத்துக்கு ஓடியது. கால்களிடம் அவள் மனதுக்குள் மன்றாடினாள். அவை இரண்டும் மிகுந்த பொறுப்போடு, கற்றுக்கொடுத்ததைக் கற்றுக்கொடுத்தபடியே செய்துகொண்டிருந்தன.

முடிவைச் சொன்ன பெண் அதிகாரி மென்மையாகத்தான் சொன்னார். இந்த டெஸ்ட் வாழ்நாளில் ஒரு தடவைதான் என்பது தெரியும்தானே என்று கேட்டார். தெரியும் என்றாள். தரையில் செய்கிற அதிகாரி வேலைகளுக்கு இது தேவையில்லை. ஆனால் விண்ணப்பத்தில் அவற்றில் எதையுமே நீங்கள் கேட்கவில்லையே என்றார். விண்ணப்பத்தை நிரப்பியவர் திருமூர்த்தி. ரெண்டு எடத்துல டிக் போட்டா பையருக்கு நம்ம மேல நம்பிக்கை போயிரும் கண்ணு என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அதை அந்த அதிகாரியிடம் எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் வணக்கம் வைத்துவிட்டு வந்தாள்.

ஊர் திரும்பியபோது கம்பெனியில் அவள் மேஜையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அகாடமி வாசலில் பிளெக்ஸ் தொங்கியது. அவள் முகத்துக்கு விமானி ஹெல்மெட் மாட்டி, 'வாரியம் வரை சென்ற வீராங்கனை' என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு உள்ளே புதிதாகச் சேர ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் திருமூர்த்தியிடம் நேரே போனாள். ரயிலில் வரும்போதே சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

"சார், பெடலு தப்பு சார்."

"எந்தப் பெடலு கண்ணு?"

"ஓவர்லாக் பெடலு. அங்க இடது மிதிச்சா இடது பக்கம் போகுது. இங்க மிதிச்சா பாதம் தூக்குது. எனக்குக் கால் இதுல பழகிப்போச்சு. சும்மா போயிருந்தாக்கூட பாஸாயிருப்பேன் சார்."

திருமூர்த்தி கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டினார், டீ வாங்கிவரச் சொன்னார்.

"செரி. இந்த ஓவர்லாக்குல இத்தன வருசமா எத்தன பேரு தெச்சிருக்காங்க. ஒருத்தராச்சும் பெடலு தப்புன்னு சொல்லியிருக்காங்களா கண்ணு?"

இல்லை. ஒருவரும் சொன்னதில்லை.

"நீ செக்கிங்குல இருந்தவ. உன்னையே கேக்கறேன். ஒரு பீஸு கோணலா வந்துச்சுன்னா அம்ப எங்க ஒட்டுவே? மெஷினு மேலயா, பீஸு மேலயா?"

சித்ராதேவி யோசித்துப் பார்த்தாள். இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட அவள் மெஷின்மேல் அம்பு ஒட்டியதில்லை. அப்படி ஒட்டலாம் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. டீ வந்தது. குடித்தாள்.

வாரியத்து மெஷினை நேரில் பார்த்த ஒரே ஆள் இந்த ஊரில் அவள்தான், எனவே மெஷின் பயிற்சிக்கு அவளே ஆசிரியையாக வேண்டும் என்றார் திருமூர்த்தி. பாண்டித்துரை தன் கையிலிருந்த குச்சியையும் சிவப்பு அட்டையையும் கொஞ்சம் வருத்தத்தோடு அவளிடம் கொடுத்தார்.

"அப்ப சேர வர்றவங்ககிட்ட பெடல் விஷயத்தச் சொல்லிரலாமா சார்?" என்று கேட்டாள்.

"கட்டாயம் சொல்லோணும் கண்ணு. மறைக்கப்படாது. கோர்ஸ் முடியட்டும், சொல்லிப்போடலாம்."

வீட்டில் ஒச்சாயி விவரத்தைக் கேட்டுக்கொண்டாள். பெடல், குறி, வாழ்நாள் என்பதெல்லாம் அவளுக்குப் பிடிபடவில்லை. "வாத்தியார் வேலைன்னா நெழலுல உக்காந்து பாக்குற வேலதான? அயர்ன் பொட்டி தூக்க வேணாம்ல? அப்ப போத்தா," என்றாள்.

முதல் வகுப்புக்கு வந்தவள் இந்துமதி. இருபத்தொரு வயது, பி.எஸ்சி. இயற்பியல். பிளெக்ஸைப் பார்த்து வந்ததாகச் சொன்னாள். சொல்லும்போது சித்ராதேவியின் முகத்தையும் பிளெக்ஸில் இருந்த முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். நல்ல கால். அட்டையை ஆட்ட ஆட்ட, இடது, வலது என்று சரசரவென்று பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் அவளே நிறுத்தி நிமிர்ந்தாள்.

"அக்கா, அங்கயும் இதே பெடலுதானுங்களா?"

திருமூர்த்தி கதவருகில் நின்று புதியவர் ஒருவரிடம் பனியனுக்கும் அதிகாரிக்கும் உள்ள ஒத்துமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சித்ராதேவி குச்சியைக் கீழே இறக்கினாள். நெற்றியைத் தடவிப் பார்த்தாள். அம்பு இல்லை. ஆசிரியைகளுக்கு ஒட்டுவதில்லை.

"அங்கயும் ரெண்டு பெடல்தான்," என்றாள்.

இந்துமதி தலையாட்டிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

12 ஜனவரி 2026, திங்கள்.
இன்றைய தவறு: இந்துமதி கேட்டதற்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். பாதி உண்மை என்பதால் இதைத் தவறில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. சேர்த்து வைக்கிறேன்.
இடது பெடல் கொஞ்சம் இறுகியிருக்கிறது. நாளை அவள் வருவதற்கு முன் மெஷினுக்கு எண்ணெய் விடவேண்டும்.